மலைக்கு மாற்றலாகி வந்தவர்களுக்கு: ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கீழ்நாட்டுச் சமையல்

வேலை மாற்றலில் ஊட்டிக்கோ குன்னூருக்கோ கொடைக்கானலுக்கோ குடிவந்த வீடுகளில் முதல் வாரப் புலம்பல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மாவு பொங்கவில்லை, பருப்பு வேகவில்லை, தயிர் உறையவில்லை, தேங்காய் எண்ணெய் பாட்டிலை விட்டு வரமாட்டேன் என்கிறது. "இந்த ஊர்த் தண்ணி சரியில்லை" என்று தண்ணீரின் மேல் பழியைப் போடுவார்கள். தண்ணீர் ஒரு பாவமும் செய்யவில்லை. ஊரில் செய்த அதே அளவு, அதே நேரம், அதே பக்குவத்தை இங்கேயும் எதிர்பார்ப்பதுதான் சிக்கல். மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலிச் சாப்பாட்டை இந்த மலையில் சாப்பிடலாம். அதற்குச் சூட்டின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

சூட்டின் கணக்கு

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100, குன்னூர் 1,850, கோத்தகிரி அதற்குப் பக்கத்தில், கூடலூர் 1,000 சொச்சம். உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் 1 டிகிரி குறையும். சென்னையில் 100 டிகிரியில் கொதிப்பது ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொடைக்கானலில் 93, குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94, கூடலூரில் 96, 97. தீயைக் கூட்டி வைத்தால் சூடு கூடாது, தண்ணீர்தான் வற்றும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்கப் போராடுபவர்கள் கேஸைத்தான் தீர்க்கிறார்கள்.

இரண்டாவது விஷயம் சமையலறையின் சூடு. மாவு புளிக்க 28 முதல் 32 டிகிரி வேண்டும், தயிர் உறைய 40ஐ ஒட்டி வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான இடங்களில் விடிகாலையில் உறைபனி விழும். அப்போது அடுப்பு அணைந்த சமையலறை 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். கீழே சித்திரை மாதச் சமையலறையில் தானாகக் கிடைத்த சூட்டை இங்கே நாம்தான் உண்டாக்க வேண்டும்.

அதனால் புது வீட்டுக்கு ரூம் ஹீட்டருக்கு முன்னால் ஒரு சமையல் வெப்பமானி வாங்குங்கள். கம்பி போல நீண்ட முனை உள்ளது போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த ஊரில் ஏமாற்றும். விரலே சில்லென்று இருக்கும்போது 35 டிகிரிப் பால்கூடச் சுடுவது போலத் தெரியும்.

இட்லி மாவு

கீழே 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் முழு உளுந்து போட்டவர்கள் இங்கே 3 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து போடுங்கள். வெந்தயம் 1 தேக்கரண்டி, கெட்டி அவல் ஒரு கைப்பிடி. புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் வேலை. குளிரில் அந்தக் காற்று மெதுவாகத்தான் உண்டாகும் என்பதால் உளுந்து கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். பழைய உளுந்து வேண்டாம். அரைக்கும்போது நுரை கட்டாத உளுந்தை எந்தச் சூட்டில் வைத்தாலும் பயனில்லை.

ஊறவைக்கும் தண்ணீர் 40 டிகிரி இருக்கட்டும். குழாயிலிருந்து வரும் தண்ணீர் பனிக்காலத்தில் பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சியில் இருக்கும். அதில் அரிசி ஆறு மணி நேரம் ஊறினாலும் நடுவில் வெள்ளையாக, கடிபடும்படி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் உளுந்தும் வெந்தயமும் 4 மணி நேரம், அரிசி 6 மணி நேரம்.

அரைப்பதில் கீழ்நாட்டுப் பாடத்தைத் தலைகீழாக்க வேண்டும். அங்கே கிரைண்டர் சூடாகி மாவு கெட்டுவிடக் கூடாது என்று ஐஸ் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே 30, 35 டிகிரித் தண்ணீரைத் தெளித்து அரைக்க வேண்டும். கல்லும் தொட்டியும் குளிர்ந்து கிடக்கும், அரைக்கும் முன் வெந்நீர் ஊற்றி ஒரு சுற்று சுற்றிக் கொட்டிவிடுங்கள். உளுந்தை 30 முதல் 35 நிமிடம் அரைத்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும் பதத்தில் எடுங்கள். அரிசி சன்ன ரவைப் பதம். இரண்டையும் கையால்தான் கலக்க வேண்டும், இரண்டு மூன்று நிமிடம். கலந்து முடிந்ததும் மாவின் சூட்டை அளந்து பாருங்கள். 25 டிகிரிக்குக் கீழே இருந்தால், வெந்நீர் உள்ள அகலப் பாத்திரத்தில் மாவுப் பாத்திரத்தைக் கால் மணி நேரம் வைத்துக் கிளறி, 30க்குக் கொண்டுவந்த பிறகே மூடி வையுங்கள். குளிர்ந்த மாவைச் சூடான பெட்டிக்குள் வைத்தால் ஓரம் மட்டும் புளிக்கும், நடு அப்படியே இருக்கும்.

உப்பு எப்போது போடுவது என்று பெரிய வாக்குவாதமே உண்டு. உப்பு புளிப்பதைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். கோடையில் கீழே அது நல்லது, மாவு பொங்கி வழியாமல் காக்கும். மலையில் மாவு பொங்கிய பிறகு போடுவதே நல்லது. கல்லுப்பைச் சிறிது தண்ணீரில் கரைத்து, மாவு அமுங்காமல் ஓரத்திலிருந்து மடித்துக் கலக்கவும்.

இனி பெட்டி. மீன் கடையிலோ பழக் கடையிலோ மூடியோடு வரும் தெர்மகோல் பெட்டி ஒன்று வாங்கிக் கழுவிக் காயவையுங்கள். மாவுப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. அதைப் பெட்டியின் நடுவில் வைத்து, 70 டிகிரி வெந்நீர் நிரப்பிய 1 லிட்டர் ஸ்டீல் பாட்டில் இரண்டை இரு பக்கமும் வையுங்கள். பாட்டில் பாத்திரத்தைத் தொடக் கூடாது, இடையில் மடித்த துண்டு இருக்கட்டும். தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்து மாவு வெந்து கட்டி தட்டும். மேலே பழைய கம்பளி. 6 மணி நேரம் கழித்து வெந்நீரை ஒரு தடவை மாற்றினால் 12 முதல் 14 மணி நேரத்தில் மாவு இரண்டு பங்காகும். இரவில் எழுந்து மாற்ற முடியாதவர்கள் மதியம் 3 மணிக்கு வைத்து 9 மணிக்கு மாற்றிவிட்டுத் தூங்கலாம். ஓவன் உள்ளவர்கள் உள்விளக்கை மட்டும் போட்டு அதற்குள் வைக்கலாம், ஆனால் அரை மணி நேரம் கழித்து உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்துவிடுங்கள். சில ஓவன் விளக்கு 40ஐத் தாண்டிச் சூடேற்றும்.

முதல் தடவை நன்றாகப் பொங்கிய மாவில் ஒரு கரண்டியை எடுத்துவைத்து அடுத்த தடவை கலந்தால் நேரம் இன்னும் குறையும். பக்கத்து வீட்டில் மாவு நன்றாக வருகிறது என்றால் ஒரு கரண்டி கேட்டு வாங்குவதில் வெட்கமே வேண்டாம். தயிருக்கு உறை கேட்பது போலத்தான்.

தவறுவது எங்கே? 16 மணி நேரமாகியும் அசையவே இல்லையென்றால் மாவு குளிர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். சோடா உப்பைத் தேடாமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து மறுபடி 30 டிகிரிக்குக் கொண்டுவந்து இன்னும் 4, 5 மணி நேரம் விடுங்கள். புளித்த வாசனை வந்தும் பொங்கவில்லையென்றால் உளுந்து சரியில்லை, அல்லது தண்ணீர் கூடிவிட்டது. அந்த மாவில் வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்துப் போட்டுப் பணியாரம் சுட்டுவிடலாம். மேலே இளஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ திட்டு தெரிந்தால் மேலோட்டமாக வழித்துப் போட்டுவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், மொத்தமாகக் கொட்டுங்கள்.

வேகவைக்கும்போதும் 92 டிகிரிக் கணக்கு வரும். இட்லிக் குக்கரில் வெயிட் கிடையாது, உள்ளே இருக்கும் ஆவியும் அதே 92தான். கீழே 10 நிமிடத்தில் எடுத்த இட்லிக்கு இங்கே 14 முதல் 16 நிமிடம். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி பறக்கும்போதுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். மூடி குளிர்ந்திருப்பதால் ஆவி உடனே நீராகி இட்லியின் மேல் சொட்டும், மேல்பக்கம் கொழகொழவென்று ஆகும். மூடிக்கு உள்பக்கம் ஒரு துணியைக் கட்டினால் தீர்ந்தது. இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டைக்கும் இதே போல நேரத்தில் பாதி கூட்டுங்கள்.

தோசைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கல்லின் சூட்டுக்கும் மலையின் உயரத்துக்கும் சம்பந்தமில்லை. வந்த முதல் மாதம் தோசையோடு ஓட்டிவிட்டு, மாவு கைவந்த பிறகு இட்லிக்குப் போவது புத்திசாலித்தனம்.

பருப்பும் சோறும்

மலையில் குக்கர் இல்லாமல் குடித்தனம் இல்லை. ஆனால் குக்கருக்குள்ளும் கீழே இருந்த சூடு வராது. வெயிட் தாங்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கணக்கு. வெளிக்காற்றே இங்கே மெலிசு. கடற்கரையில் உள்ளே 121 டிகிரி என்றால் ஊட்டியில் 117 சொச்சம். நேரத்தில் கால் பங்கு கூட்டினால் சரியாகிவிடும்.

விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள். தீயின் அளவும் குக்கர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதும் விசிலின் எண்ணிக்கையை மாற்றும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடத்தைப் பாருங்கள். துவரம்பருப்பை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்திருந்தால் 14 நிமிடம். ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்று டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய். புளியும் உப்பும் பருப்பு குழைந்த பிறகுதான். புளித்தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் பருப்பு குழையாது, கீழேயே இது உண்மை, இங்கே இரட்டிப்பு உண்மை. கொண்டைக்கடலைக்கு இரவு முழுவதும் குளிர்ந்த தண்ணீர் போதாது. வெந்நீரில் ஊறப்போட்டு மூடிவைத்து, மறுநாள் முதல் விசிலுக்குப் பின் 30 நிமிடம். ஆட்டுக்கறி கீழே 20 நிமிடம் என்றால் இங்கே 25. திறந்த பாத்திரத்தில் முட்டை 10 நிமிடம் அவித்தால் நடுக்கரு இளகியே இருக்கும், 13, 14 நிமிடம் விடுங்கள்.

வடித்த சோறு இந்த உயரத்தில் நன்றாக வராது. வெளியே குழைந்து உள்ளே விதை இருக்கும். பொன்னி புழுங்கல் 1 டம்ளருக்கு 3 டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் வெந்நீரில் ஊறல், முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 12, 13 நிமிடம், ஆவி தானாக அடங்கும் வரை திறக்கக் கூடாது. பச்சரிசிக்கு இரண்டரை டம்ளர், 8 நிமிடம். வடித்த சோற்றின் உதிரித்தன்மை வேண்டும் என்பவர்கள் குக்கரில் தண்ணீரை ஒரு டம்ளர் கூட வைத்து, 9 நிமிடத்தில் இறக்கி ஆவி அடங்கியதும் கஞ்சியை வடித்துவிடலாம். சோறு சீக்கிரம் ஆறிவிடும், ஆகவே தட்டையும் வெந்நீரில் அலசிவிட்டுப் பரிமாறுங்கள்.

பழைய சோறு பலருக்குப் பெரிய ஏக்கம். இரவில் தண்ணீர் ஊற்றிவைத்த சோறு காலையில் ஊற்றியபடியே இருக்கும், ஒரு புளிப்பும் ஏறியிருக்காது. மாவுக்குச் செய்த அதே பெட்டிதான் வழி. மண் சட்டியில் ஆறிய சோறு, மூழ்குமளவு 35 டிகிரித் தண்ணீர், பெட்டிக்குள் 10 முதல் 12 மணி நேரம். அதற்கு மேல் விட வேண்டாம். சோறு வழவழப்பாகி நாற்றம் அடித்தால் கொட்டிவிடுங்கள். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜனவரி காலையில் இதைச் சாப்பிட்டால் வெயில் ஏறும் வரை பல் தந்தியடிக்கும். பதினொரு மணிக்குச் சாப்பிடுங்கள்.

தயிர், எண்ணெய், காபி

தயிருக்கு உறை ஊற்றும்போது பால் 44, 45 டிகிரி இருக்கட்டும். கீழே அரைத் தேக்கரண்டி உறை போட்டிருப்பீர்கள், இங்கே அரை லிட்டருக்கு ஒன்றரை. மண் சட்டியோ ஸ்டீலோ, முதலில் வெந்நீரில் அலசிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த பாத்திரம் மட்டுமே பாலின் சூட்டில் 4, 5 டிகிரியைத் தின்றுவிடும். பெட்டியில் 6 முதல் 8 மணி நேரம். தயிர் நூல் நூலாக இழுத்தால் சூடு குறைந்து மெதுவாக உறைந்திருக்கிறது. அந்தத் தயிரை அடுத்த உறைக்கு வைக்காதீர்கள், அதே வழவழப்பு தொடர்ந்து வரும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகும். ஊட்டியில் வருடத்தில் பெரும்பாலான நாள் அது கட்டிதான். குறுகிய வாய் பாட்டிலில் வாங்காமல் அகன்ற வாய் டப்பாவில் வாங்கி ஸ்பூனால் எடுங்கள். கட்டியானது கெட்டதல்ல. நல்லெண்ணெய் இந்தக் குளிரிலும் உறையாது, அதனால் ஊறுகாய், பொடிக்கு அதுவே. கேஸ் சிலிண்டரும் குளிரை உணரும். சிலிண்டர் தீரப்போகும் கடைசி நாட்களில் விடிகாலையில் தீ சிணுங்கும். சிலிண்டரைச் சாய்த்துப் போடுவது, வெந்நீர் ஊற்றுவது, அடுப்புப் பக்கம் இழுத்து வைப்பது மூன்றும் ஆபத்து. சிமென்ட் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் நிமிர்த்தி வைத்தால் போதும்.

காபிக்காரர்களுக்கு நல்ல செய்தி. இங்கே கொதிக்கும் 92, 93 டிகிரி காபி டிகாக்‌ஷனுக்குப் பொருத்தமான சூடு. கீழே கொதிக்கும் தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றச் சொல்வார்கள், இங்கே கொதித்ததும் ஊற்றலாம். பிரச்சினை ஃபில்டர்தான். அதன் பித்தளையோ ஸ்டீலோ சில்லென்றிருந்தால் தண்ணீர் உள்ளே போனதும் 80க்கு இறங்கி, டிகாக்‌ஷன் வெளுத்து, புளித்து வரும். ஃபில்டரின் இரண்டு பாகத்தையும் கொதிநீரில் முக்கி எடுத்துத் துடைத்து, 3 மேசைக்கரண்டி குவித்த பொடி போட்டு, 150 மி.லி. தண்ணீர் ஊற்றி, ஃபில்டரை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள். அரை மணி நேரம் இறங்கட்டும். காபிப் பொடி வாங்க மலையிறங்க வேண்டியதில்லை. பழனி மலையின் கீழ்ச்சரிவில் தாண்டிக்குடி, பட்டிவீரன்பட்டிப் பக்கமும், நீலகிரியில் கூடலூர்ப் பக்கமும் காபி விளைகிறது. கொட்டை வாங்கி வறுத்து அரைக்கச் சொல்லலாம். சிக்கரி அளவு மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊர்ப் பழக்கம் கடைக்குக் கடை மாறும்.

கீழே போய் வாங்க வேண்டியவை

கேரட், பீட்ரூட், உருளை, முட்டைக்கோஸ், பூண்டு நீலகிரியிலிருந்துதான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் இறங்குகின்றன. அவற்றை மேட்டுப்பாளையத்தில் வாங்கி மேலே சுமந்து வருபவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் பாடு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரம் கீழ்நாட்டுப் பூண்டைவிடக் கூடுதல். ரசத்துக்குத் தட்டிப் போடும்போது வழக்கமான அளவில் பாதியில் தொடங்குங்கள்.

மேலே விளையாதவை வேறு. முருங்கைக்காய், முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, வாழையிலை, தேங்காய், சின்ன வெங்காயம், புளி, கருவாடு. கறிவேப்பிலைச் செடி தொட்டியில் வைத்தால் பனிக்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும், நம்பாதீர்கள். நீலகிரிக்காரர்களுக்கு இவற்றின் கிடங்கு மேட்டுப்பாளையம், கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலக்குண்டு அல்லது பழனி. மேலேயும் கிடைக்கும். ஊட்டி மார்க்கெட்டிலும் கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையிலும் எல்லாம் வரும், வண்டி வாடகை விலையில் ஏறியிருக்கும், இலை கொஞ்சம் வாடியிருக்கும். வாரத் தேவைக்குச் சந்தை, மாதத் தேவைக்குக் கீழே என்று பிரித்துக்கொண்டால் செலவு கட்டுப்படும்.

கொண்டுவந்ததை வைப்பதிலும் கவனம் வேண்டும். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்துவிடும், காய் என்றால் பழுக்கவே பழுக்காது. செங்காயாக வாங்கி, மாவு இல்லாத நாளில் அந்தத் தெர்மகோல் பெட்டியில் வையுங்கள். மாங்காயும் அப்படியே. முருங்கைக்காயை நறுக்கி, ஈரமில்லாமல் டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். முழுதாக வெளியே போட்டால் ரப்பராக வளையும். முருங்கைக்காய் இல்லாத நாளில் சாம்பாருக்கு மேரக்காயும் (சௌசௌ) நூக்கலும் நன்றாகப் பொருந்தும். தக்காளிக்குப் பதிலாக, மலையில் மரத்தில் காய்க்கும் புளிப்புப் பழமான மரத்தக்காளியைச் சுட்டு, தோல் உரித்து, பிசைந்து ரசம் வையுங்கள். விதையின் கசப்பு ஏறாமல் வடிகட்டுவது முக்கியம். நம் ஊர் ரசம் போல இருக்காது, ஆனால் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ரகம்.

கடல்மீன் ஐஸில் வைத்து மேலே வருகிறது. குளிர் ஊர் என்பதால் பழைய மீனிலும் வாசனை தெரியாது, மூக்கை நம்ப முடியாது. செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்து, கண் உள்வாங்கியிருக்கிறதா என்று பார்த்து, "அண்ணே, இது இன்னைக்கு இறங்கினதா, நேத்து ஐஸா?" என்று நேரடியாகக் கேளுங்கள். வாரத்தில் எந்த நாள் வண்டி வருகிறது என்பதை அவரிடமே தெரிந்துகொண்டால் அந்த நாளில் மட்டும் போனால் போதும்.

மழை மாதங்களைக் கணக்கில் வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், நடுவட்டம் பக்கம் அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம். மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவது புதிதல்ல, 2009 நவம்பரில் குன்னூர்ப் பக்கம் நடந்ததை இன்றும் பேசுவார்கள். அக்டோபர் தொடங்கும் முன் இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், புளி கையிருப்பு வேண்டும்.

அந்த நாட்களுக்குப் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் போட்டு வையுங்கள். புளி 200 கிராமை 3 டம்ளர் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைக்கவும். நல்லெண்ணெய் 200 மி.லி. காயவைத்து கடுகு, 3 மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 15 வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, புளிக்கரைசல், 1 தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டரை மேசைக்கரண்டி கல்லுப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். வறுத்துப் பொடித்த தனியா 2 மேசைக்கரண்டி, எள் 2 மேசைக்கரண்டி, வெந்தயம் 1 தேக்கரண்டி கடைசியில். எண்ணெய் பிரிந்து மேலே ஒரு விரல் கனம் நிற்க வேண்டும். எண்ணெய் மூடாத இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டு இறக்கவும்.

வடாம், வற்றல்

மேலேயே போட வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் தெளிவாக இருக்கும், ஆனால் காற்று சூடில்லை, மதியம் இரண்டரைக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் காலையில் காய்ந்தது திரும்ப ஈரமாகும். கூழ் வடாம் கனமானது, நடு காயாமல் புளித்துப்போகும். மெலிதாக ஊற்றும் ஜவ்வரிசி வடாம் மட்டும் முயலலாம். கீழே இரண்டு நாள் என்றால் இங்கே நான்கு, தினமும் இரண்டு மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். மோர் மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றலை ஊரிலிருந்து வரவழைப்பதே மேல். வந்ததும் வெறும் வாணலியில் லேசாகச் சூடுகாட்டி, ஆறியபின் இறுக்கமான டப்பாவில் வையுங்கள். இந்த ஊரில் வண்டு தொல்லை குறைவு, பூஞ்சைத் தொல்லை அதிகம். முறுக்கு, அப்பளம், தட்டை எதுவும் திறந்த தட்டில் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும்.

ஊரிலிருந்து வரும் டப்பா

அம்மாவோ மாமியாரோ கட்டிக் கொடுக்கும் ஊறுகாய் பாட்டில் மலைப்பாதையில் வழிவதற்கு வண்டியின் குலுக்கல் மட்டும் காரணமல்ல. ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே இறுக மூடிய பாட்டிலுக்குள் மாட்டிய காற்று ஏற ஏற விரிந்து, எண்ணெயை மூடி இடுக்கு வழியாகத் தள்ளும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான். பாட்டிலின் கழுத்து வரை நிரப்பிக் காற்றுக்கு இடம் குறையுங்கள். பாதி வழியில் வண்டி நிற்கும் இடத்தில் மூடியை ஒரு திருகு திறந்து மூடுங்கள். பாட்டிலை நிமிர்த்தி, சுற்றிலும் பழைய துணி திணித்து, அடியில் ஒரு ஸ்டீல் தூக்கு. பொடி வகைக்கு இந்தக் கவலை இல்லை. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி வறுத்து ஆறிய பிறகு அடைத்தால் குளிரில் மூன்று மாதம் நிற்கும். தேங்காய் சேர்த்த பொடி மட்டும் மூன்று வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், பைகளுக்கு மலையில் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். பாலிதீன் பையில் மாவு கட்டி வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொந்தக் காரில் வருகிறவர்கள் என்றால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை இருக்கிறது, கிளம்பும் முன் எடுத்துவிட வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை. வயதானவர்கள் கையில் ஊறுகாய் பாட்டிலோடு வருவதானால் பேருந்தில் வளைவுக்குக் குமட்டாத முன்பக்க சீட்டைப் பிடித்து, தூக்கைக் காலிடுக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.